பழைய கஞ்சிலும் ஒரு நோட்டுப் புத்தகமும்



செய்யுளும் இலக்கணமும் பேசும் இவ்விடத்தில் மகிழுந்துப் பட்டறைக் கதை எதற்கு என்று அன்பர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொறுத்தருள்க. சென்ற வாரம் என் முன்னாள் மாணவர் ஒருவர் வீடு தேடி வந்து ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அரைமணி நேரம் பதில் சொல்லியும் எனக்கு நிறைவு ஏற்படவில்லை. சொல்ல விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

அவருக்கு இருபத்து நான்கு வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இதுவரை மோட்டார் சைக்கிளே அவருக்குப் போதுமானதாக இருந்தது. இவ்வாண்டு தாயாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்ல வேண்டிய நிலை. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சிகிச்சை முடிந்து சோர்ந்து வெளியே வரும் தாயை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார வைத்து, பினாங்கு மழையில், ஜெலுத்தோங் நெரிசலில் எப்படி அழைத்து வருவது? வாடகை வண்டிக்கு ஆகும் செலவும் சிறிதன்று. கையில் 10,500 வெள்ளி சேமிப்பு இருக்கிறது. வீட்டு வாடகை, தங்கையின் கல்லூரிச் செலவு எல்லாம் போக மாதம் ஏறத்தாழ 500 வெள்ளி மிஞ்சும். "ஐயா, எந்தக் கார் வாங்கலாம்?" என்று கேட்டார்.

அவர் முன்னே இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று, பழைய கார் வியாபாரி ஒருவரின் முற்றத்தில் பளபளவென நிற்கும் 2012ஆம் ஆண்டு மைவி, 1.3 லிட்டர், தானியங்கிப் பற்சக்கரப்பெட்டி. விலை 19,000 வெள்ளி. முன்பணம் 4,000 கட்டினால், மீதம் 15,000 வெள்ளிக்குக் கடன், ஐந்து ஆண்டுகள், மாதம் 325 வெள்ளி என்று வியாபாரி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மற்றொன்று, பாலேக் பூலாவில் பணி ஓய்வு பெற்ற அம்மையார் ஒருவர் விற்க விரும்பும் 2009ஆம் ஆண்டு விவா, 1.0 லிட்டர், கையால் கியர் மாற்றுவது. விலை 8,000 வெள்ளி. மாணவரின் மனம் மைவியின்பால் சாய்ந்திருந்தது. அவருடைய மாமாவும், "விவாவெல்லாம் ஒரு காரா? நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்று சொல்லிவிட்டாராம்.

நான் விவாவை வாங்கச் சொன்னேன். ஏன் என்பதே இக்கட்டுரை.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் பொறியியல் படித்தவன் அல்லன். ஆனால் 1999ஆம் ஆண்டுப் பெரோடுவா கஞ்சில் 850 ஒன்றை 2011 தொடக்கத்தில் 7,000 வெள்ளிக்கு வாங்கி இன்றுவரை ஓட்டி வருபவன். பெரோடுவா நிறுவனம் 1993இல் தோன்றியது, அதன் முதல் வண்டி கஞ்சில், 1994இல் வெளிவந்தது, 2009வரை உற்பத்தியானது. ஜப்பானின் டைஹாட்சு மிராவை அடியாகக் கொண்டது. மூன்று சிலிண்டர் இயந்திரம். முதலில் 659 சிசி, பிறகு 847 சிசி. தமிழ்நாட்டு அன்பர்களுக்கு எளிதாகச் சொல்வதென்றால், அங்கே மாருதி 800 எப்படியோ இங்கே கஞ்சில் அப்படி. அதுவும் மூன்று சிலிண்டர்தான், 796 சிசி. 1983இல் வந்து 2014இல் விடைபெற்றது. மோட்டார் சைக்கிளில் மனைவியையும் இரு பிள்ளைகளையும் ஏற்றிச் சென்ற குடும்பங்களை மழையில் நனையாமல் காத்த பெருமை இவ்விரு வண்டிகளுக்கும் உண்டு. 1,000 சிசிக்கு உட்பட்டதால் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளிதான். கஞ்சில் என்பது மலாய் மொழியில் சருகுமான். மலாய்க் கதைகளில் சாங் கஞ்சில் மிகவும் தந்திரசாலி. அதைப் பற்றிப் பிறகு ஒரு செய்தி சொல்கிறேன்.

வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பட்டறையில் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுவேன். நாள், மீட்டர் காட்டிய தொலைவு, செய்த வேலை, உதிரிப்பாகத்தின் விலை, கூலி எல்லாம் தனித்தனியே. 2011 முதல் 2025 முடிய 15 ஆண்டுகளுக்குக் கூட்டிப் பார்த்தேன்: 18,460 வெள்ளி. பெட்ரோல், காப்புறுதி இதில் சேரா. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,230. மாதத்துக்கு 103 வெள்ளி. 7,000 வெள்ளிக்கு வாங்கிய வண்டிக்கு அதன் விலையைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் பழுதுபார்ப்புச் செலவு!

இதைக் கேட்டதும் மாணவர், "அப்படியானால் பழைய கார் நட்டம்தானே ஐயா?" என்றார். இங்கேதான் நம்மவர் கணக்கில் தவறுகின்றனர். பழைய மகிழுந்தின் விலை என்பது அதன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் எண் மட்டும் அன்று. அந்த எண்ணோடு மாதம் ஒரு நூறு வெள்ளி சேர்ந்தே வருகிறது. மைவியோ விவாவோ கஞ்சிலோ, பத்து ஆண்டு கடந்த எந்தச் சிறு வண்டியும் அதைக் கேட்கும். ஒரு மாதம் கேட்காது, இரு மாதம் கேட்காது. கேட்காத மாதங்களுக்கும் சேர்த்து ஒரு நாள் கேட்கும். மைவியை வாங்கினால் மாதத் தவணை 325, அதன்மேல் இந்த நூறு. மிஞ்சுவதோ 500. அதிலிருந்து பெட்ரோல் வேறு. தவணை கட்டுகிறவர் முதலில் எதைத் தள்ளிப்போடுவார்? தவணையைத் தள்ளிப்போட்டால் வண்டியை இழுத்துச் சென்றுவிடுவார்கள். ஆகவே பழுதுபார்ப்பைத்தான் தள்ளிப்போடுவார். அது எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நான் அனுபவித்து அறிந்தவன்.

2014ஆம் ஆண்டு. பட்டர்வொர்த்தில் மாணவர்களுக்கான கதை சொல்லும் போட்டி. பெற்றோர் ஒப்புதலுடன் மூன்று பிள்ளைகளை என் கஞ்சிலில் ஏற்றிக்கொண்டு பாலத்தில் போய்க்கொண்டிருந்தேன். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். நடுவழியில் வெப்பமானியின் முள் மேலேறுவதைப் பார்த்தேன். பார்த்தவுடன் ஓரங்கட்டி நிறுத்தியிருக்க வேண்டும். போட்டிக்கு நேரமாகிறதே என்று குளிர்சாதனத்தை மட்டும் அணைத்துவிட்டு ஓட்டினேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது, முன்பக்கத்திலிருந்து வெண்புகை, வண்டி நின்றது. இருபுறமும் கடல், பக்கத்தில் சீறிச் செல்லும் லாரிகள், பின்னிருக்கையில் மூன்று குழந்தைகள். அவர்களைத் தடுப்புச் சுவரை ஒட்டி நிற்கவைத்துவிட்டு நான் நின்ற அந்த இருபது நிமிடங்களை இன்று நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. அவர்களுள் ஒருத்தி சாங் கஞ்சில் கதையைத்தான் போட்டிக்குத் தயார்செய்திருந்தாள். முதலைகளை வரிசையாக நிற்கவைத்து எண்ணுவதுபோல் ஏமாற்றி, அவற்றின் முதுகிலேயே ஆற்றைக் கடக்குமே, அந்தக் கதை. அவள் என்னைப் பார்த்து, "ஐயா, கதையில் வரும் கஞ்சில் ஆற்றைத் தாண்டிவிட்டது. நம் கஞ்சிலால் கடலைத் தாண்ட முடியவில்லையே" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வண்டி செய்த குற்றம் எதுவுமில்லை. நான்கு மாதங்களுக்கு முன்பே என் பட்டறைக்காரர் ரேடியேட்டரின் மேல்தொட்டியில் மயிரிழை விரிசலைக் காட்டி, 160 வெள்ளிக்குப் புதியது போட்டுவிடலாம் என்றார். அவர் சீனர்; ஆயர் ஈத்தாம் பக்கம் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருப்பவர்; என்னைச் 'சிக்கு' என்றுதான் அழைப்பார். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்றேன். அந்த மாதம் தீபாவளி. ரேடியேட்டருக்குக் கொடுக்க மனம் வராத நான், வண்டிக்குப் புதுச் சாயம் பூச 700 வெள்ளி கொடுத்தேன். ஊரார் கண்ணுக்குச் சாயம் தெரியும், ரேடியேட்டர் தெரியாதல்லவா!

அந்த 160 வெள்ளி என்னவாக வளர்ந்தது என்பதை நோட்டுப் புத்தகத்திலிருந்து அப்படியே தருகிறேன். இழுவை வண்டி 120. ரேடியேட்டரும் ரப்பர்க் குழாய்களும் 190. வெப்பத்தில் வளைந்துபோன சிலிண்டர் தலையைக் கடைந்து சமன்செய்ய 60. கேஸ்கெட் தொகுதி 75. எப்படியும் திறந்தாகிவிட்டது என்று டைமிங் பெல்ட்டும் நீர்ப்பம்பும் மாற்ற 140. எண்ணெயும் குளிர்நீர்மமும் 65. கூலி 250. மொத்தம் 900 வெள்ளி. மூன்று நாள் பேருந்தில் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. அந்தக் கணக்கை எந்த நோட்டில் எழுதுவது?

இவ்வகைச் சிறு வண்டிகளில் வெப்ப ஏற்றமே பெரும் பகை. இரும்புக் கட்டையின் மேல் அலுமினியத் தலை உட்கார்ந்திருக்கிறது. சூடு மீறினால் அலுமினியம் முதலில் வளையும், இடையிலுள்ள கேஸ்கெட் ஊதிக்கொள்ளும், எண்ணெயில் நீர் கலக்கும். எண்ணெய் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். பால் கலந்த காப்பிபோல் கசடு படிந்திருந்தால் அந்த வண்டியை வாங்க வேண்டா, விலை எவ்வளவு குறைவாயினும். குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியில் ரேடியேட்டர் நீர் செம்மண் கரைசல்போல் இருக்கும். அதுவும் கெட்ட அறிகுறியே. இதைச் சூடாக இருக்கும்போது திறந்து பார்க்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

அடுத்தது டைமிங் பெல்ட். கஞ்சில் போன்ற பெல்ட் வண்டிகளில் அது ரப்பர், தேயும், அறும். அறுவதற்கு முன் ஓசை எழுப்பாது, எச்சரிக்காது. அறுந்த கணமே இயந்திரம் நின்றுவிடும். மைவி 1.3இல் பெல்ட் இல்லை, சங்கிலி. அது நெடுநாள் உழைக்கும்; ஆனால் எண்ணெயைக் காலத்தில் மாற்றாவிட்டால் அதுவும் நீண்டு கடகடக்கும். பெல்ட் வண்டியை வாங்குவோர், கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். ரசீது காட்டினால் நம்புங்கள். "போன வருஷம்தான் மாற்றினேன், சத்தியமாக" என்றால், வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

அதற்குப் பிறகு அப்சார்பர், கீழ்க்கை ரப்பர்கள், இயந்திரத்தைத் தாங்கும் மவுண்டிங், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாப்ட். இவையெல்லாம் தேய்மானப் பொருள்கள். மூன்று சிலிண்டர் இயந்திரம் இயல்பாகவே சற்று அதிரும். அதனால் மவுண்டிங் ரப்பர்கள் விரைவில் நைந்துபோம். வண்டி நிற்கும்போது இருக்கையே நடுங்குகிறது என்றால் பெரும்பாலும் அதுதான். ஸ்டீயரிங்கை ஒருபுறம் முழுக்கத் திருப்பி மெல்ல ஓட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று முன்சக்கரம் பேசினால் டிரைவ் ஷாப்டின் மூட்டுத் தேய்ந்துவிட்டது. நான் கடைசியாக ஒரு பக்கம் மாற்றியபோது கூலியோடு 150 வெள்ளி. அப்சார்பர் நான்கும் சேர்ந்து 380. இவற்றுக்காக ஒரு வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. விலையைக் குறைத்துப் பேச இவை நல்ல காரணங்கள், அவ்வளவே.

குளிர்சாதனம் தனிக்கதை. நம் ஊர் வெயிலில் அது இல்லாமல், அதுவும் நோயுற்ற தாயை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. மைவி போன்ற வண்டிகளில் உள்ளே இருக்கும் கூலிங் காயில் ஒழுகினால், முன்பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும். காயிலின் விலையைவிடக் கூலியே கடுக்கும். எங்கள் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் ஒரு பட்டறையில் கம்ப்ரஸர் போய்விட்டது, 650 வெள்ளி ஆகும் என்றார்கள். வேறோர் இடத்தில் காட்டினார். ஒரு ரப்பர் வளையம் மட்டும் நைந்திருந்தது, வாயு நிரப்பி 90 வெள்ளியில் முடிந்தது. பெண்கள் தனியாகப் போனால் பேசுகிற விலையே வேறு என்பது எங்கள் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் தெரிந்த உண்மை. பட்டறைக்காரரை நாம் 'போர்மன்' என்கிறோம். அவர் சொன்னால் வேதவாக்கு. கழற்றிய பழைய பாகத்தைக் காட்டுங்கள் என்று கேட்கக் கூச்சம். விவரமாக எழுதிய சீட்டுக் கேட்கக் கூச்சம். அங்காடியில் பத்துக் காசு கீரைக்கு வாதாடும் நாம், 600 வெள்ளிக் கணக்கை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டு வருகிறோம். நேர்மையான போர்மன் இக்கேள்விகளால் வருந்தமாட்டார். என் சீனர் நான் கேட்காமலே பழைய பாகத்தைத் தாளில் சுற்றி இருக்கையின் கீழ் வைத்துவிடுவார்.

பினாங்குக்கே உரிய இரண்டு செய்திகள் உண்டு. ஒன்று துரு. கடற்காற்று கதவின் அடிவிளிம்பையும் தரைத்தகட்டையும் மெல்ல மெல்லத் தின்னும். மேலே சாயம் பூசி மறைத்திருப்பார்கள். மாற்றுச் சக்கரம் வைக்கும் குழியைத் திறந்து விரலால் அழுத்திப் பாருங்கள். இயந்திரத்தை மாற்றலாம், பாதி வெட்டிய வண்டிகளை விற்கும் 'கெடாய் போத்தோங்' கடைகளில் வாங்கிப் போடலாம். அப்படி மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் பதிவுசெய்தாக வேண்டும் என்பதை மறவாதீர். உளுத்த உடலைத்தான் மாற்ற முடியாது.

மற்றொன்று வெள்ளம். 2017 நவம்பர் 4, 5ஆம் நாள்களில் இத்தீவும் செபராங் பிறையும் எப்படி மூழ்கின என்பதை நாம் யாரும் மறக்கவில்லை. அன்று மூழ்கிய வண்டிகள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டனவா? கழுவி, உலர்த்தி, நறுமணம் தெளித்து விற்கப்பட்டவையும் உண்டு. என் உறவினர் ஒருவரே மறுவருடம் அப்படிப்பட்ட ஒரு வண்டியை வாங்கி, ஆறே மாதத்தில் மின்கம்பிகள் ஒவ்வொன்றாகச் செத்து, இரவில் வண்டி தானாக ஹாரன் அடிக்கும் நிலைக்கு வந்து, பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். வாங்கியவர் யாரோ, பாவம். வெள்ள வண்டியை அறிய ஓர் எளிய வழி: இருக்கை வாரை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். தரைவிரிப்பைத் துவைத்துவிடுவார்கள், சுருண்டு உள்ளே கிடக்கும் வாரின் கடைசி முழத்தைத் துவைக்க மறந்துவிடுவார்கள். அங்கே சேற்றுக் கறை கோடுபோட்டிருக்கும்.

உரிமை மாற்றத்துக்குப் புஸ்பகோம் சோதனை ஆயிற்று, ஆகவே வண்டி நலமாக இருக்கிறது என்று வியாபாரிகள் சொல்வதுண்டு. அச்சோதனையின் முதன்மை நோக்கம் வண்டியின் அடையாளத்தை உறுதிசெய்வது. அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் பதிவோடு ஒத்துப்போகின்றனவா, வெட்டி ஒட்டிய வண்டியா என்று பார்ப்பது. உங்கள் ரேடியேட்டர் அடுத்த மாதம் வெடிக்குமா என்று அது சொல்லாது. 2009 அக்டோபரில் அரசு வெளியிட்ட தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வில், 15 ஆண்டு கடந்த வண்டிகள் ஆண்டுதோறும் கட்டாயச் சோதனைக்குச் செல்ல வேண்டும் என்றொரு திட்டம் இருந்தது. ஏழைகளின் வண்டியைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, சில நாள்களிலேயே கைவிடப்பட்டது. அன்று நானும் எதிர்த்துப் பேசியவன். பாலத்தின் நடுவே நின்ற பிறகு என் கருத்து சற்று மாறிவிட்டது. கட்டாயம் வேண்டா என்றே இன்றும் சொல்வேன்; ஆனால் கட்டாயம் இல்லை என்பதற்காக நாம் ஒருமுறைகூட வண்டியைத் தூக்கிவைத்து அடியைப் பார்க்காமல் பத்து ஆண்டு ஓட்டுகிறோமே, அதற்கு எந்த அரசைக் குறை சொல்வது?

நம் இளைஞர்களைப் பற்றியும் ஒரு சொல். கோபித்துக்கொள்ளாதீர்கள், தம்பிகளே. வழவழத்த டயரோடு ஓடும் கஞ்சிலில் 1,500 வெள்ளி ஒலிபெருக்கியைக் கண்டிருக்கிறேன். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு உரசும் வண்டியில் புது அலங்காரச் சக்கரங்கள். தெரு முழுக்க அதிரும் புகைக்குழாய். 700 வெள்ளிக்குச் சாயம் பூசிய எனக்கு இதைச் சொல்ல அருகதை குறைவுதான். ஆயினும் சொல்கிறேன்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கஞ்சில் வயதான வண்டி, அதில் காற்றுப்பை கிடையாது, தகடு மெல்லியது. நெடுஞ்சாலையில் பேருந்து முந்திச் சென்றால் வண்டி ஓர் அடி விலகும். துன் சார்டோன் சாலையில் நால்வரை ஏற்றிக்கொண்டு பாலேக் பூலாவுக்கு மலையேறும்போது குளிர்சாதனத்தை அணைத்தால்தான் ஏறும். ஏறும்போது பின்னால் வருபவர் ஹாரன் அடித்தால் கேட்காததுபோல் இருந்துவிட வேண்டும். அதனால்தான் மாணவருக்கு கஞ்சிலைப் பரிந்துரைக்கவில்லை. பணம் இருப்பவர் புதிய வண்டி வாங்குவதையும் நான் குறை கூறவில்லை. 2023இல் அக்ஸியாவின் அடிப்படை வகை 22,000 வெள்ளிக்கு அறிமுகமானது. இப்போது அந்த மைவிக் கணக்கைப் பாருங்கள்: மாதம் 325 வீதம் 60 மாதம், 19,500, முன்பணம் 4,000, ஆக 23,500. காப்புறுதியைச் சேர்க்காமலே, பழைய வண்டிக்குப் புதிய வண்டியின் விலை. இந்தக் கூட்டலைத் தாளில் போட்டுக் காட்டியபோது மாணவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. ஐந்தாம் ஆண்டில் கூட்டல் கற்பித்ததே நான்தானே ஐயா என்று கேட்டுவிடலாம். ஆனால் மாதத் தவணைதான் கண்ணில் படும், மொத்தம் எளிதில் படாது. பெரியவர்களே ஏமாறுகிறார்கள்.

ஆகவே நான் சொன்ன கணக்கு இது. விவா 8,000, நன்றாக இருந்தால். மீதம் 2,500இல் காப்புறுதி, உரிமை மாற்றச் செலவு போக எஞ்சுவதை வங்கியில் தனியே போடு. அது வண்டியின் பணம். திருமணத்துக்கு மொய் எழுதவும் எடுக்கக்கூடாது. முதல் மாதமே எல்லா நீர்மங்களும், பெல்ட்கள், பிரேக், டயர். தவணை இல்லாததால் மிஞ்சும் பணத்தில் மாதம் 150 அதே கணக்கில் சேர்ந்துகொண்டே வரட்டும். அம்மாவுக்குச் சிகிச்சை உள்ள வாரத்தில் வண்டி பட்டறையில் கிடந்தால் என்ன செய்வது என்பதற்கும் அதிலிருந்தே வாடகை வண்டி வைத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் வாங்கிக் கொடுத்தேன்; ஒரு வெள்ளி இருபது காசு.

"மாமாவிடம் என்ன சொல்வது ஐயா?" என்று கேட்டார். தவணையில் பாதியைக் கட்டுவாரா என்று கேட்டுப் பார் என்றேன். சிரித்துவிட்டார்.

நேற்றிரவு தொலைபேசியில் அழைத்தார். பாலேக் பூலா அம்மையார் வண்டியின் பழைய ரசீதுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறாராம். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே வந்து முடுக்கிப் பாருங்கள் என்று அவரே சொன்னாராம். அதைக் கேட்டே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஆனாலும் இருக்கை வாரை இழுத்துப் பார்க்கத்தான் போகிறோம். என் பட்டறைச் சீனர் சனிக்கிழமை காலை கடையைத் தம் மகனிடம் விட்டுவிட்டு உடன்வர ஒப்புக்கொண்டார்; கூலி 50 வெள்ளி, வழியில் லக்சா என் செலவு. மூவரும் என் கஞ்சிலில்தான் மலையேறுகிறோம். ரேடியேட்டரில் நீர் பார்த்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்